பாதை வந்தது, ஊர் கலைந்தது: ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் ஆட்டத்தின் 2005 மாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

2005 நவம்பர் 15 அன்று, ஸ்டார் வார்ஸ் திரைப்பட உலகில் நடக்கும் ஆன்லைன் ஆட்டமான ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸுக்குள் நுழைந்த பழைய ஆட்டக்காரர்கள் பலருக்கு, முந்தைய நாள் வரை தாங்கள் பார்த்துவந்த தொழில் இல்லாமல் போயிருந்தது. காட்டு விலங்குகளைப் பிடித்துப் பழக்கியவர்கள், அவற்றின் மரபணுவைக் கலந்து புதிய விலங்குகளை உருவாக்கியவர்கள், வனத்தில் தடம் பார்த்து வேட்டையாடியவர்கள் ஆகியோரின் தொழில்கள் அடியோடு நீக்கப்பட்டன. தையல்காரரும் சமையல்காரரும் ஆயுதம் செய்பவரும் கட்டடம் கட்டுபவரும் வணிகர் என்ற ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டனர். முப்பதுக்கும் மேற்பட்டிருந்த தொழில்கள் ஒன்பதாகச் சுருங்கின. நியூ கேம் என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று ஆட்டத்தை நடத்திய சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் பெயரிட்ட இந்த மாற்றம், என்ஜிஇ என்ற சுருக்கப் பெயரால் இன்றுவரை ஆட்டக்காரர்களிடையே நினைவுகூரப்படுகிறது.

ஒரு கதாபாத்திரமாகப் பலரோடு சேர்ந்து ஆடும் ஆன்லைன் ரோல்-பிளேயிங் ஆட்டங்களில் ஆட்டக்காரரின் சுதந்திரம் பெரிதா, வழிகாட்டும் முன்னேற்றப் பாதை பெரிதா என்ற விவாதம் எழும்போதெல்லாம் இந்த நிகழ்வு முதல் சாட்சியாக அழைக்கப்படுகிறது. சுதந்திரம் இருந்தது, பாதை வந்தது, பாதை சுதந்திரத்தைக் கொன்றது என்று கதை சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அந்த வாசிப்பு எனக்குப் போதுமானதாகப் படவில்லை. பழைய கேலக்ஸீஸிலும் வழிகாட்டுதல் இருந்தது. ஆனால் அதைத் தந்தவர்கள் சக ஆட்டக்காரர்கள். ஒருவருக்கொருவர் தேவைப்பட்ட காரணத்தால்தான் அவர்கள் அதைத் தந்தார்கள். என்ஜிஇ அறுத்தது அந்தத் தேவையை.

அடுக்கும் அடுக்கின் உச்சியும்

ஆட்டம் வெளிவந்தது 2003 ஜூன் 26. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இருந்த சோனி ஆன்லைன் குழு உருவாக்கியது, ஸ்டார் வார்ஸ் உரிமையாளரின் ஆட்ட நிறுவனமான லூகாஸ்ஆர்ட்ஸ் உடனிருந்தது. படைப்புத் தலைமை ராஃப் கோஸ்டரிடம் இருந்தது. 1997-ல் வெளிவந்த அல்டிமா ஆன்லைனின் முதன்மை வடிவமைப்பாளர் அவர்தான். அந்த ஆட்டத்தில் தச்சராகவும் தையல்காரராகவும் வாழ்ந்து பார்த்த மக்களைக் கண்டவர், விண்மீன் மண்டலம் ஒன்றைக் கட்டும் வாய்ப்பு வந்தபோது அதே எண்ணத்தை இன்னும் விரிவாக எடுத்துச் சென்றார்.

லெவல், அதாவது கதாபாத்திரத்தின் வளர்ச்சியைக் காட்டும் படிநிலை எண், என்ற ஒன்று அங்கே கிடையாது. ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் 250 ஸ்கில் (திறன்) புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு தொழிலும் 18 பெட்டிகள் கொண்ட ஒரு மரம்: அடியில் தொடக்கநிலைப் பெட்டி ஒன்று, அதன்மேல் நான்கு கிளைகளில் நான்கு நான்காகப் பதினாறு, உச்சியில் தேர்ச்சிப் பெட்டி ஒன்று. துப்பாக்கிப் பயிற்சியில் இரண்டு கிளை, நடனத்தில் ஒரு கிளை, மருத்துவத்தில் கொஞ்சம் என்று யாரும் கலந்துகொள்ளலாம். வேண்டாமென்றால் பெட்டியைத் துறந்து புள்ளிகளைத் திரும்பப் பெற்று வேறு தொழிலுக்குப் போகலாம். சண்டையே போடாமல் ஆண்டுக்கணக்கில் ஆடியவர்கள் இருந்தார்கள்.

இந்த மரத்தின் உச்சிப் பெட்டியில் ஒரு நிபந்தனை வைக்கப்பட்டிருந்தது. தொழிலைச் செய்து செய்து சேர்த்த அனுபவப் புள்ளிகள் மட்டும் தேர்ச்சிக்குப் போதாது. பிறருக்குத் தொழில் கற்றுக்கொடுத்துப் பெறும் புள்ளிகளும் வேண்டும். அதாவது நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்காதவர் ஆசான் ஆக முடியாது. ஒரு பட்டறையில் மூத்தவருக்கும் புதியவருக்கும் இடையே இருக்கும் உறவை இவ்வளவு சிக்கனமாக ஒரு விதியில் அடக்கிய ஆட்டத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. புதியவருக்குக் கற்றுக்கொள்ள ஆள் தேவை. முதிர்ந்தவருக்குக் கற்றுக்கொடுக்க ஆள் தேவை. கூட்டத்தில் நின்று யாருக்காவது பயிற்சி வேண்டுமா என்று கேட்கும் குரலே புதியவருக்குக் கிடைத்த முதல் வழிகாட்டி.

ஒரு துப்பாக்கியின் வரலாறு

சார்புநிலை எப்படிப் பின்னப்பட்டிருந்தது என்பதை அறிய ஒரு துப்பாக்கி செய்யப்பட்ட விதத்தை அருகில் சென்று பார்க்க வேண்டும். உலோகங்கள், வேதிப்பொருள்கள், தோல், எலும்பு எல்லாம் கோள்களின் நிலப்பரப்பில் தோன்றி, சில நாள்களோ சில வாரங்களோ இருந்து, பின் மறையும். ஒருமுறை மறைந்த செம்பு அதே பெயரில், அதே குணத்தில் மீண்டும் வராது. ஒவ்வொன்றுக்கும் கடத்துதிறன், தகடாகும் தன்மை, வெப்பம் தாங்கும் திறன், மொத்தத் தரம் என்று தனித்தனி எண்கள், 1000 வரையிலான அளவுகோலில். ஆய்வுக் கருவியோடு வெளியில் திரியும் ஒருவர் எந்த மேட்டில் எத்தனை விழுக்காடு அடர்த்தி என்று பார்த்து, குனிந்து மாதிரி எடுத்து, அங்கே அறுவடை இயந்திரத்தை நிறுத்துவார். அதற்குப் பராமரிப்புப் பணமும் மின்சக்தியும் கட்டிவர வேண்டும். தவறினால் இயந்திரம் நின்றுவிடும்.

நல்ல கடத்துதிறன் கொண்ட செம்பு ஒரு சர்வரில் (ஆட்ட உலகின் தனிப் பிரதி ஒன்று ஓடும் கணினி) தோன்றிவிட்டால் அந்த வாரம் ஆயுதத் தொழிலாளர்களுக்கு உறக்கமில்லை. நண்பர்களிடம் நிலம் கேட்பார்கள், இயந்திரங்களை இரவல் வாங்குவார்கள், பல மாதங்களுக்கு ஆகும் சரக்கைக் குவித்துக்கொள்வார்கள். அந்த உலோகத்தைச் சோதனை முயற்சிகளில் செலுத்தி, சிறந்து வந்த ஒன்றை வரைபடமாக்கி, தொழிற்சாலையில் இட்டுப் பல பிரதிகள் எடுப்பார்கள். பொதுச் சந்தைக் கணினிகளில் விலைக்கு உச்சவரம்பு இருந்ததால் உயர்ந்த சரக்கு அவரவர் வீட்டிலோ கடையிலோ அமர்த்திய விற்பனையாள்களிடம்தான் கிடைக்கும். ஊரைத் தாண்டி அந்தக் கடையைத் தேடிப் போக வேண்டும். பெயர் கேட்டு, வழி கேட்டுப் போக வேண்டும். வாங்கிய துப்பாக்கி பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்ந்து அழியும். ஆகவே வாங்கியவர் மீண்டும் வருவார். அவர் வரும்போது கொன்ற விலங்குகளின் தோலையும் எலும்பையும் கொண்டுவந்து அதே கடைக்காரரிடம் விற்பார்.

சண்டையில் அடிபட்டவருக்கு உடல், செயல், மனம் என மூன்று அளவுகள் இருந்தன. உடற்புண்ணை மருத்துவர் ஆற்றினார். மனத்தில் பட்ட புண்ணையும் போர்க்களைப்பையும் ஆற்றும் ஆற்றல் நடனக்காரர்களுக்கும் இசைக்காரர்களுக்கும் மட்டுமே தரப்பட்டிருந்தது. களைத்து வந்தவர் மதுக்கூடத்தில் அமர்ந்து ஆடுபவரைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் மனம் தேறும். வேட்டைக்காரரை ஓரிடத்தில் உட்காரவைத்த இந்த ஒரு விதியால், பேச்சு பிறந்தது. பேச்சில் வாணிபமும் நட்பும் கூட்டணியும் பிறந்தன. 2003 இறுதியில் ஆட்டக்காரர்கள் தாங்களே ஊர் அமைக்கும் வசதி வந்தபோது, வாக்களித்து மேயரைத் தேர்ந்தெடுத்து, வரி கட்டி, தங்கள் ஊருக்கு ஷட்டில் நிலையம் வரவேண்டுமென்று ஆள் சேர்த்தவர்கள் பெரும்பாலும் இப்படி அறிமுகமானவர்கள்தாம்.

உள்ளே இருந்த விரிசல்கள்

பழைய ஆட்டத்தைக் குறையற்ற ஒன்றாகச் சித்திரிப்பது ஆய்வுக்கு நேர்மை ஆகாது. வெளிவந்த நாளில் அதில் வாகனங்கள் இல்லை. விண்கலப் போர் 2004 அக்டோபரில் ஜம்ப் டு லைட்ஸ்பீடு என்ற விரிவாக்கத்தோடுதான் வந்தது. பிழைகள் நிறைய இருந்தன, சண்டை சமநிலை குலைந்திருந்தது. மருத்துவரிடம் மருந்தேற்றிக்கொண்டவருக்கும் ஏற்றிக்கொள்ளாதவருக்கும் இடையே வலிமை வேறுபாடு மிக அதிகமாக இருந்ததால், வேட்டைக்குப் புறப்படுமுன் விண்கல நிலையத்தில் வரிசையில் நின்று காசு கொடுத்து மருந்தேற்றிக்கொள்வது ஏறத்தாழக் கட்டாயமாகிவிட்டது. எழுதப்பட்ட கதைகள் குறைவு. பணிக்கணினியில் ஒரு வேலையை எடுத்து, சொன்ன இடத்தில் விலங்குக்கூட்டை அழித்து, கூலி வாங்கி, மறுபடி அதே கணினிக்கு வருவதுதான் பலருக்கு அன்றாட ஆட்டம். யாரிடமும் பேசத் துணியாத ஒரு புதியவர், டாட்டூயின் என்ற பாலைவனக் கோளின் மணலில் இறங்கி, அரை மணிநேரம் சுற்றிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வெளியேறியிருந்தால் அதில் அவர் குற்றம் எதுவும் இல்லை.

இவற்றைவிட ஆழமான விரிசல், ஒளிவாள் ஏந்திய ஜெடாய் வீரர்கள் வழியாக வந்தது. ஸ்டார் வார்ஸ் உலகில் ஜெடாய் ஆக வேண்டுமென்று விரும்பாதவர் குறைவு. எல்லாரும் ஜெடாய் ஆகிவிட்டால் அந்த உலகம் நிற்காது. ஆகவே அதை ஒரு மறைபொருளாக வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாக ஒதுக்கப்பட்ட சில தொழில்களில் தேர்ச்சி பெற்றால் அந்தக் கதவு திறக்கும். எந்தத் தொழில்கள் என்பது யாருக்கும் தெரியாது. 2003 இறுதிவாக்கில் ஹோலோக்ரான் என்ற பொருள் அந்தத் தொழில்களின் பெயரை வெளிப்படுத்தத் தொடங்கியது. நடனத்தில் நாட்டமே இல்லாதவர் நடனத் தேர்ச்சி பெற வேண்டும் என்று அறிந்தார். சமைக்க விரும்பாதவர் சமையலில் தேற வேண்டும் என்று அறிந்தார். செயல்களைத் தாமே திரும்பத் திரும்பச் செய்யும் மேக்ரோக்களை ஆட்டமே அனுமதித்திருந்தது. மதுக்கூடங்களில் உடையவர் இல்லாத உடல்கள் இரவு முழுக்க ஆடின. தேர்ச்சிப் பெட்டி கிடைத்த மறுநிமிடம் அந்தத் தொழில் துறக்கப்பட்டது.

இந்த இடம் வழக்கமாக ஒரு துணைக்கதையாகக் கடந்து செல்லப்படுகிறது. எனக்கோ இதுதான் நிகழ்வின் முதல் திருப்பமாகத் தெரிகிறது. என்ஜிஇ வருவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, முப்பதுக்கும் மேற்பட்ட வாழ்க்கைகள் ஒரே இலக்கை நோக்கிய சோதனைப் பட்டியலாக மாறின. நடனம் ஆட விரும்பியவர் ஆடியபோது எதிரே அமர்ந்தவரோடு பேசினார். பட்டியலில் நடனம் இருந்ததால் ஆடியவர் எதிரே இருந்தவரைப் பார்க்கவே இல்லை. விதிகள் ஒன்றும் மாறவில்லை. சுதந்திரம் எழுத்தில் அப்படியே இருந்தது. ஆனாலும் மதுக்கூடத்தில் பேச ஆளில்லாமல் போயிற்று.

மாற்றம்

2004 நவம்பரில் ப்ளிஸார்ட் நிறுவனத்தின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வெளிவந்தது. தலைமேல் மஞ்சள் ஆச்சரியக்குறி மின்னும் பாத்திரத்திடம் போனால் ஒரு குவெஸ்ட், அதாவது முடித்துத் தர வேண்டிய பணி. முடித்தால் பரிசும் அனுபவமும். அடுத்த ஊருக்கு அனுப்பும் இன்னொரு குவெஸ்ட். இப்படி 60 லெவல் வரை தடையில்லாமல் இழுத்துச் செல்லும் பாதை. 2005 இறுதிக்குள் அதன் சந்தாதாரர்கள் 50 லட்சத்தைத் தாண்டினர். ஸ்டார் வார்ஸ் என்ற பெயர் கையில் இருந்தும் அந்தக் கூட்டத்தின் அருகில்கூட வர முடியாத நிலை கேலக்ஸீஸுக்கு. அதை நடத்தியவர்கள் எந்த அழுத்தத்தில் இருந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்வது கடினம் அல்ல.

முதல் அடி 2005 ஏப்ரலில் காம்பேட் அப்கிரேடு என்ற பெயரில் விழுந்தது. சண்டைக்கு லெவல்கள் வந்தன. அடுத்து நவம்பர் 1 அன்று ட்ரயல்ஸ் ஆஃப் ஓபி-வான் என்ற விரிவாக்கம் விற்பனைக்கு வந்தது. அது வெளிவந்த சூட்டோடு சூடாக என்ஜிஇ அறிவிக்கப்பட்டது. இரண்டு வாரத்தில் நடைமுறைக்கும் வந்தது. குறிபார்த்துச் சொடுக்கிச் சுடும் சண்டை, 90 வரை லெவல்கள், தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்கத்தக்க தொழிலாக ஜெடாய். புதியவரைத் திரைப்பட நாயகன் ஹான் சோலோவே நேரில் வந்து மீட்டு ஒரு விண்நிலையத்துக்கு அழைத்துச் செல்வார். அங்கிருந்து மோஸ் ஐஸ்லி நகரில் தொடங்கும் லெகசி குவெஸ்ட் தொடர் அவரைக் கைப்பிடித்து நடத்தும். விரிவாக்கத்தை வாங்கியவர்கள் கொதித்தெழுந்தபோது, விரும்புவோருக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்று நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

மாற்றத்துக்கான காரணத்தை லூகாஸ்ஆர்ட்ஸின் மூத்த இயக்குநர் நான்சி மெக்கின்டயர் 2005 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் ஒளிவுமறைவின்றி விளக்கினார். ஆட்டத்தில் படிக்க வேண்டியது மிக அதிகமாக இருந்தது, திறன்களைக் கற்க அலைய வேண்டியிருந்தது, ஈரப்பதம் அறுவடை செய்யும் உழவரான ஓவன் மாமாவாக இருப்பதைவிட ஹான் சோலோவாகவோ லூக் ஸ்கைவாக்கராகவோ இருக்கும் அனுபவத்தைத் தர வேண்டியிருந்தது என்பது அவர் சொன்னதன் சாரம். படிக்க அதிகம் இருந்தது என்ற முதல் பகுதியை நான் முழுமையாக ஏற்கிறேன். இரண்டாம் பகுதியில்தான் ஆட்டத்தை நடத்தியவர்கள் ஆட்டத்தை அறிந்திருக்கவில்லை என்பது தெரிகிறது. கேலக்ஸீஸில் காற்றின் ஈரத்தைச் சேகரிக்கும் இயந்திரம் உண்மையிலேயே இருந்தது. அதை நிலத்தில் நட்டு நீர் எடுத்து விற்றவர்கள் இருந்தார்கள். அந்த உழவர் வேலை பலருக்குப் பிடித்திருந்தது. அதைவிட முக்கியம், அந்த நீரும் தாதுவும் வராவிட்டால் ஹான் சோலோவாக ஆட விரும்பியவருக்கு இடுப்பில் மாட்டத் துப்பாக்கி இல்லை.

எங்கே அறுந்தது

பாதையைக் கொண்டுவந்ததே தவறு என்று சொல்வோரிடமிருந்து நான் விலகும் இடம் இது. லெகசி குவெஸ்ட் தொடரின் முதல் சில மணிநேரங்கள், மணலில் திகைத்து நின்ற அந்தப் புதியவருக்கு உதவியிருக்கும். சிக்கல், குவெஸ்ட் தந்த பரிசில் இருந்தது. துப்பாக்கியும் கவசமும் பாதையிலேயே கிடைத்தபோது, புதியவர் ஆயுதக் கடைக்குப் போகத் தேவையில்லை. தொழில் செய்பவருக்கு நாள்தோறும் வரும் சிறு வாடிக்கையாளர் புதியவர்தான். தோலையும் எலும்பையும் குறைந்த விலைக்குக் கொண்டுவந்து கொட்டுபவரும் அவர்தான். அவர் வரவு நின்றதும் ஆயுதக்காரரின் கணக்கு உதைத்தது. அவர் ஓய்ந்ததும் தாது தேடியவருக்கு வாங்க ஆளில்லை. ஒன்றைத் தொட்டால் ஒன்பது ஆடும் அமைப்பில், ஒற்றை ஆளின் வசதிக்காக ஒரு கண்ணியைக் கழற்றினார்கள்.

இரண்டாவது, உழைப்பு செல்லாக்காசு ஆனது. விலங்கு பழக்கியவர் மாதக்கணக்கில் வளர்த்தவற்றை வைத்துக்கொண்டு செய்வதற்கு எதுவும் இல்லை. தொழில் நீக்கப்பட்டவர்கள் ஒன்பதில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்பட்டனர். சுதந்திரமான ஆட்டத்தில் ஆட்டக்காரர் தன் வாழ்க்கையைத் தானே எழுதுகிறார். அதனால்தான் அதில் இழப்பு, வேறு ஆட்டத்தில் ஒரு லெவல் குறைவதைப் போன்றது ஆகாது. மருத்துவர் என்று ஊரில் அறியப்பட்டவரின் பெயரும் பழக்கவழக்கங்களும் அந்தத் தொழிலைச் சுற்றி வளர்ந்தவை. இந்த இழப்பைத் தாங்க முடியாமல் கூட்டங்கூட்டமாக வெளியேறியவர்களோடு அவர்களின் ஊர்களும் போயின. பூட்டிய வீடுகளும் சரக்கு தீர்ந்த விற்பனையாள்களும் மட்டும் சமவெளியில் நின்றன.

மூன்றாவது, தன் வலிமையை விட்டுவிட்டு எதிராளியின் களத்தில் இறங்கினார்கள். வார்கிராஃப்டின் பாதை பெரும் பொருட்செலவில் ஒவ்வொரு பள்ளத்தாக்கையும் கையால் செதுக்கி அமைத்தது. கேலக்ஸீஸின் கோள்களோ, வீடும் கடையும் ஊரும் எழுப்ப இடம் வேண்டும் என்பதற்காகக் கணிதவிதிகளால் விரிக்கப்பட்ட பரந்த வெளிகள். அந்த வெளியின் மீது ஒரு குவெஸ்ட் பாதையைக் கீறினால், பாதை முடிந்த இடத்தில் வெறும் வெளிதான் எஞ்சும். அதை நிரப்பிவந்த மனிதர்கள் அதற்கு முன்பே ஆட்டத்தை விட்டுப் போய்விட்டிருந்தார்கள்.

வேறு வழி இருந்தது என்பதற்கு அதே 2003-ல் மே மாதம் ஐஸ்லாந்திலிருந்து வந்த ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டம் சாட்சி. புதியவருக்கு அதைவிடக் கடினமான ஆட்டம் அரிது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் தொடக்கப் பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செப்பனிட்டார்கள். ஆனால் கப்பல்களைக் கட்டுவதும் விற்பதும் இழப்பதும் ஆட்டக்காரர் கையிலேயே விடப்பட்டன. வாசலை அகலமாக்கினார்கள், வீட்டை இடிக்கவில்லை. 2008 முதல் ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு மன்றமும் நிறுவனத்தோடு பேசிவருகிறது. தவறு செய்த பிறகு மீண்டவர்களும் உண்டு: ரன்ஸ்கேப் என்ற ஆன்லைன் ஆட்டம் 2012 நவம்பரில் சண்டைமுறையை மாற்றி எதிர்ப்பைச் சந்தித்தது, 2013 பிப்ரவரியில் ஆட்டக்காரர்களிடம் வாக்கெடுத்து 2007-ஆம் ஆண்டு வடிவத்தைத் தனியாகத் திறந்தது. கேலக்ஸீஸ் ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டும் பழைய வடிவத்துக்கு ஒரு சர்வர்கூடத் திறக்கப்படவில்லை.

பின்வந்த ஆண்டுகள்

எஞ்சிய குழு எடுத்ததைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தந்தது. 2006-ல் வந்த எக்ஸ்பர்டீஸ் முறை ஒன்பது தொழில்களுக்குள் மீண்டும் தெரிவுகளைத் திறந்தது. விலங்குகளைப் பழக்கும் வழி வேறொரு பெயரில் திரும்பியது. ஆட்டக்காரர்களே பிறருக்கு குவெஸ்ட் எழுதித் தரும் முறையும் இறுதிக் காலத்தில் வந்தது. பாதையை மனிதர் கையில் ஒப்படைத்த அந்த ஏற்பாடு ஐந்தாண்டு முன்னரே வந்திருக்க வேண்டியது. போனவர்கள் பெருமளவில் திரும்பவில்லை. 2009-ல் 25 சர்வர்களில் 12 மூடப்பட்டன. சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட்டின் தலைவராக இருந்த ஜான் ஸ்மெட்லி, என்ஜிஇ தவறு என்று பின்னாளில் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். 2011 டிசம்பர் 15 அன்று கடைசி சர்வர்களும் நிறுத்தப்பட்டன. ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 20 அன்று, முழுக்கக் குரல் கொடுக்கப்பட்ட கதைப்பாதையோடு ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக் வெளிவந்தது.

கேலக்ஸீஸின் பழைய வடிவத்தை மீட்கும் வேலையைச் சம்பளமில்லாத் தன்னார்வலர்கள் ஏற்றுக்கொண்டனர். எஸ்டபிள்யூஜி-எமு என்ற திட்டம், காம்பேட் அப்கிரேடுக்கு முந்தைய 14.1 பதிப்பை வரிக்கு வரி மறுபடி எழுதி நடத்துகிறது. எஸ்டபிள்யூஜி லெஜண்ட்ஸ் என்ற இன்னொரு குழு என்ஜிஇ காலத்து ஆட்டத்தையே நடத்துகிறது. ஒன்பது தொழில்களும் லெகசி பாதையும் அங்கே அப்படியே உள்ளன. அதற்கும் விசுவாசமான ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஆயினும் லெஜண்ட்ஸ் எடுத்துக்கொண்டது, ஆறு ஆண்டுகள் திருப்பித் தந்த பிறகு 2011-ல் நின்ற வடிவத்தை. 2005 நவம்பர் 15 அன்று இருந்த ஆட்டத்தை அப்படியே மீட்க முனைந்த குழு எதையும் நான் பார்த்ததில்லை.